வீட்டுத் தொழிலுக்கு இன்டர்நெட் போன்: கம்பெனிக்கு முன்னால் எண்ணைப் பாருங்கள்

கேள்வி: கரூரில் வீட்டிலிருந்தே போர்வை, துண்டு, மேசை விரிப்பு விற்கிறோம். ஆர்டர் பெரும்பாலும் போனிலும் வாட்ஸ்அப்பிலும்தான் வருகிறது. என் சொந்த எண்ணையே எல்லோருக்கும் கொடுத்துவிட்டேன். ராத்திரி பத்து மணிக்கும் கூப்பிடுகிறார்கள். நான் பேக்கிங்கில் இருந்தால் எடுக்க ஆளில்லை. வீட்டில் ஃபைபர் இணைப்பு இருக்கிறது. தொழிலுக்கென்று இன்டர்நெட் போன் எடுக்கலாமா? எந்தக் கம்பெனி நல்லது? கனடா, சிங்கப்பூரிலிருந்தும் சிலர் கேட்கிறார்கள், அவர்களுக்கு என்ன செய்வது?

பதில்:

எந்தக் கம்பெனி என்பதைக் கடைசியில் முடிவு செய்துகொள்ளலாம், அது அவ்வளவு கஷ்டமில்லை. அதற்கு முன்னால் யோசிக்க வேண்டியது, பார்சல் கவரிலும் பில்லிலும் இன்ஸ்டாகிராம் பக்கத்திலும் எந்த எண்ணைப் போடப் போகிறீர்கள் என்பது. ஒரு தடவை துண்டு வாங்கியவர் இரண்டு வருடம் கழித்து மகள் கல்யாணத்துக்கு ஐம்பது துண்டு கேட்டுக் கூப்பிடுவார். அன்றைக்கு அந்த எண் உங்களிடம் இருக்க வேண்டும். வீட்டில் இருந்து தொழில் செய்பவருக்குக் கடை போர்டு கிடையாது; எண்தான் விலாசம்.

இந்தியாவில் மொபைல் எண்ணை மட்டும்தான் ஒரு கம்பெனியிலிருந்து இன்னொன்றுக்குக் கூடவே கொண்டுபோக முடியும். 2011 ஜனவரி 20 முதல் நாடு முழுக்க இந்த வசதி இருக்கிறது. 1900 என்ற எண்ணுக்கு ஒரு எஸ்எம்எஸ் அனுப்பினால் போர்ட் செய்வதற்கான கோட் வந்துவிடும். லேண்ட்லைனுக்கு இது கிடையாது. ஃபைபரோடு வரும் லேண்ட்லைன் எண்ணை (கரூரில் 04324 என்று தொடங்கும்) பார்சலில் அச்சடித்துவிட்டு, நாளைக்கு சர்வீஸ் சரியில்லை என்று வேறு கம்பெனிக்குப் போனால் எண் போய்விடும். கிளவுட் டெலிபோனி, அதாவது ஒரு எண்ணுக்கு வரும் அழைப்பை இன்டர்நெட் வழியாகப் பல போன்களுக்குப் பிரித்து அனுப்பும் சேவை, அதை நடத்தும் கம்பெனிகள் வாடகைக்குக் கொடுக்கும் விர்ச்சுவல் நம்பரும் (சிம் இல்லாத எண்) அப்படித்தான். சந்தாவை நிறுத்தினால் எண் அவர்களிடமே போகும். உலகம் முழுக்கப் பயன்பட்ட ஸ்கைப்பே 2025 மே மாதம் மூடப்பட்டது. அதில் காசு கொடுத்து எண் வாங்கித் தொழிலுக்கு வைத்திருந்தவர்கள் வேறு வழி தேட வேண்டியதாயிற்று.

ஆகவே என் கருத்து இதுதான். வெளியே தெரியும் எண், உங்கள் பெயரில் எடுத்த ஒரு தனி மொபைல் எண்ணாக இருக்கட்டும். இன்டர்நெட் போன் அதற்குப் பின்னால் நிற்கட்டும். பின்னால் இருப்பதை எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றலாம், வாடிக்கையாளருக்குத் தெரியவே தெரியாது.

அந்த சிம்மைத் தெரிந்த கடைக்காரர் பெயரிலோ சொந்தக்காரர் பெயரிலோ எடுக்காதீர்கள். தொழில் யார் பெயரில் இருக்கிறதோ அவர் ஆதாரில் எடுங்கள். ரீசார்ஜை விட்டுவிடாதீர்கள், 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாமல் கிடந்தால் இணைப்பைத் துண்டித்துவிடலாம் என்பதுதான் விதி, அதன் பிறகு எண் வேறொருவருக்குப் போய்விடும். இன்னொன்று, உங்கள் ஃபைபர் எந்தக் கம்பெனியோ அதே கம்பெனியின் சிம் வேண்டாம். ஒருவருக்குக் கோளாறு வந்தால் இன்னொருவர் வேலை செய்ய வேண்டும்.

சரி, இன்டர்நெட் போனுக்கு வருவோம். இந்தப் பெயரில் இங்கே நாலு விதமான சமாச்சாரங்கள் விற்கிறார்கள், எல்லாவற்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் தேவையில்லாததற்குப் பணம் போகிறது.

முதலாவது, உங்கள் போனிலேயே ஏற்கெனவே இருக்கக்கூடிய வைஃபை காலிங். ஏர்டெல் 2019 டிசம்பரிலும் ஜியோ 2020 ஜனவரியிலும் இதைக் கொண்டுவந்தன. கான்கிரீட் வீட்டின் உள் அறையில் சிக்னல் ஒரு கோடுதான் வருகிறது என்றால், அழைப்பு டவர் வழியாகப் போகாமல் வீட்டு வைஃபை வழியாகப் போகும். எண் அதே எண், தனி ஆப் வேண்டாம், தனிக் கட்டணமும் கிடையாது. போனின் அமைப்புகளுக்குள் போய் ஆன் செய்தால் போதும். பேச்சு விட்டுவிட்டு வருகிறது என்று இன்டர்நெட் போன் தேடுகிற நிறையப் பேருக்கு உண்மையில் தேவைப்படுவது இதுதான்.

இரண்டாவது, ஃபைபரோடு வரும் லேண்ட்லைன். பிஎஸ்என்எல், ஜியோ, ஏர்டெல் மூன்றும் கொடுக்கின்றன. சுவரில் மாட்டியிருக்கும் ஃபைபர் பெட்டியின் பின்புறம் பாருங்கள், போன் ஒயர் செருகும் சின்னத் துளை இருக்கும். பழைய லேண்ட்லைன் போனை அதில் செருகினால் வேலை செய்யும், கம்பெனி பக்கத்தில் அந்த வசதியைத் திறந்துவிட்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். பல திட்டங்களில் அழைப்புகள் மாதக் கட்டணத்துக்குள்ளேயே அடங்கிவிடும். உள்ளூர் கேபிள்காரர் கொடுக்கும் இன்டர்நெட்டாக இருந்தால் பேச்சு வசதி இல்லாமலும் இருக்கலாம். அதற்காக மட்டும் நல்ல இணைப்பை மாற்றிவிடாதீர்கள். லேண்ட்லைனிலிருந்து மொபைலைக் கூப்பிடும்போது முன்னால் 0 போட வேண்டும், 2021 ஜனவரி 15 முதல் இதுதான் நடைமுறை. புதிதாக எடுத்தவர்கள் பலர் இது தெரியாமல் லைன் போகவில்லை என்று புகார் கொடுக்கிறார்கள்.

மூன்றாவது, கிளவுட் டெலிபோனி. எக்ஸோடெல், ஓசோனெடெல், மைஆபரேட்டர், டாடா டெலியின் ஸ்மார்ட்ஃப்ளோ என்று பல பெயர்கள். இதைப் பற்றிக் கீழே விரிவாகச் சொல்கிறேன், விளம்பரங்களில் நீங்கள் அதிகம் பார்ப்பது இதைத்தான்.

நான்காவது, வாட்ஸ்அப் போல ஆப்பிலிருந்து ஆப்புக்குப் பேசுவது. வெளிநாட்டு ஆர்டர்களுக்கு இது.

இந்த நாலில் உங்களுக்கு இன்றைக்குத் தேவை முதல் இரண்டும் கடைசியும் மட்டும். ஏற்பாடு இப்படி இருக்கட்டும். தொழில் சிம்மை உங்கள் சொந்த போனின் இரண்டாவது துளையில் போடாமல், ஒரு சாதாரண ஸ்மார்ட்போனில் போட்டு பேக்கிங் மேசை மேல் வையுங்கள். உங்கள் கை ஓயவில்லை என்றால் வீட்டில் யாரும் எடுக்கலாம். இரவு எட்டு மணிக்கு மேல் அதை மட்டும் சைலண்டில் போட்டுவிட்டு, காலையில் வந்திருக்கும் மிஸ்டு கால்களுக்குத் திரும்பக் கூப்பிடுங்கள். சொந்த எண் உறவினருக்கு மட்டும்.

பகலில் எடுக்க முடியாதபோது அழைப்பு ஃபைபர் லேண்ட்லைனுக்குப் போகட்டும். போனின் அழைப்பு அமைப்புகளில் திருப்பிவிடும் வசதி இருக்கும்: பதில் இல்லாதபோது, பிஸியாக இருக்கும்போது, தொடர்பு கிடைக்காதபோது என்று மூன்று நிலை. இந்த மூன்றையும் லேண்ட்லைன் எண்ணுக்கு வையுங்கள். இரவு சைலண்டில் போடும்போது இவற்றை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் லேண்ட்லைன் அடிக்கும். எப்போதும் திருப்பிவிடு என்பதைத் தொடாதீர்கள். திருப்பிவிடப்படும் அழைப்பின் செலவு கூப்பிட்டவர் தலையில் விழாது, உங்கள் சிம் கணக்கில்தான் வரும். அன்லிமிடெட் திட்டமா, திருப்பிவிடும் அழைப்புக்கும் அது பொருந்துமா என்று கஸ்டமர் கேரில் ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. கூரியர் கம்பெனியிலிருந்து பேசுகிறேன், ஸ்டார் 401 என்று தொடங்கும் ஒரு எண்ணை டயல் செய்யுங்கள் என்று யாராவது சொன்னால் செய்யாதீர்கள். அது உங்கள் அழைப்புகளையெல்லாம், ஓடிபி சொல்லும் அழைப்புகள் உட்பட, அவர்களுடைய எண்ணுக்குத் திருப்பிவிடும் வழி. இந்த மோசடி பெருகியதால்தான் 2024 ஏப்ரல் 15 முதல் அப்படி கோட் அடித்துத் திருப்பிவிடும் வசதியை நிறுத்தச் சொல்லித் தொலைத்தொடர்புத் துறை கம்பெனிகளுக்கு உத்தரவிட்டது. தினமும் கூரியர்காரர்களோடு பேசும் உங்களைப் போன்றவர்களைத்தான் இவர்கள் குறிவைப்பார்கள்.

இணைப்பின் வேகம் பற்றிக் கவலை வேண்டாம். சுருக்கப்படாத ஒரு குரல் அழைப்புக்கே விநாடிக்குப் போக ஒரு 87 கிலோபிட், வர ஒரு 87 கிலோபிட் போதும். 30 எம்பிபிஎஸ் இணைப்பில் அது ஒரு மூலைக்குக் காணாது. 100-க்கு மாறினால் குரல் தெளிவாகும் என்று சொல்லி விற்பவரை நம்பாதீர்கள். பேச்சைக் கெடுப்பது வேகக் குறைவு அல்ல, தாமதமும் சீரின்மையும். நீங்கள் பேசுவது அடுத்தவர் காதுக்குப் போய்ச் சேர 150 மில்லிசெகண்டுக்குள் ஆனால் இயல்பாக இருக்கும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் அளவுகோல். அதைத் தாண்டத் தாண்ட இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்குவீர்கள், விலையும் அளவும் குழம்பும்.

இன்டர்நெட்டில் குரல் சின்னச் சின்னத் துணுக்குகளாகப் போகிறது; நூறில் ஒன்றிரண்டு வழியில் தொலைந்தாலும் வார்த்தை கடிபடும். இதைச் சோதிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. தெருவில் எல்லோரும் படம் பார்க்கும் இரவு ஏழிலிருந்து பத்துக்குள், ஒரு போனிலிருந்து பெரிய வீடியோவை அப்லோட் செய்துகொண்டே லேண்ட்லைனில் ஒருவரிடம் பத்து நிமிஷம் பேசுங்கள். உங்கள் குரல் அவருக்கு எப்படிக் கேட்கிறது என்று கேளுங்கள். சேலையோ துண்டோ வீடியோ எடுத்துப் போடுகிற தொழிலில் அப்லோட்தான் முதலில் அடைபடும்; அப்போது உங்களுக்கு அவர் குரல் நன்றாகக் கேட்கும், அவருக்குத்தான் உங்கள் குரல் விட்டுவிட்டுக் கேட்கும். அதனால் இந்தக் குறை பல நாள் உங்களுக்குத் தெரியாமலேயே இருக்கும்.

இனி கரண்ட். இதை எந்த விற்பனையாளரும் சொல்ல மாட்டார், ஆனால் நம் ஊரில் இதுதான் பெரிய விஷயம். பழைய செம்புக் கம்பி லேண்ட்லைனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே 48 வோல்ட் வந்துகொண்டிருந்தது. வீட்டில் கரண்ட் போனாலும் போன் அடித்தது. ஃபைபரில் அப்படி எதுவும் வராது. பெட்டி அணைந்தால் போனும் அணையும். மாதாந்திரப் பராமரிப்பு ஷட்டவுன் காலை ஒன்பது மணிக்குத் தொடங்கி மதியம் தாண்டியும் நீளும். ஆர்டர் வருகிற நேரமும் அதுதான்.

வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் ஃபைபர் பெட்டியின் ப்ளக் அந்த லைனில் இருக்கிறதா என்று பாருங்கள். பல வீடுகளில் இன்வெர்ட்டர் லைட்டுக்கும் ஃபேனுக்கும் மட்டும்தான் போட்டிருப்பார்கள். இன்வெர்ட்டர் இல்லை என்றால் ரூட்டருக்கென்றே சின்ன யுபிஎஸ் கிடைக்கிறது. வாங்கும் முன் அடாப்டரில் அச்சிட்டிருப்பதைப் படித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் 12 வோல்ட், 1 முதல் 2 ஆம்பியர் இருக்கும், அதற்குப் பொருந்துவதாக வாங்க வேண்டும். ஃபைபர் பெட்டியும் ரூட்டரும் தனித்தனி என்றால் இரண்டுக்கும் வேண்டும். கார்ட்லெஸ் போன் வாங்கியிருந்தால் அதன் அடித்தட்டுக்கும் கரண்ட் தேவை என்பதை மறந்துவிடுவோம். ஒயர் போட்ட சாதாரண போன் பெட்டியிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும், ஷட்டவுன் நாளில் அதுதான் கை கொடுக்கும்.

உங்கள் வீட்டில் எல்லாம் சரியாக இருந்தும், கம்பெனியின் உள்ளூர் ஆபீஸில் பேட்டரி இல்லை என்றால் பயனில்லை. அடுத்த ஷட்டவுன் அன்று பெட்டியைப் பேட்டரியில் ஓடவிட்டு, சிவப்பு விளக்கு எரிகிறதா (எரிந்தால் லைன் இல்லை), அழைப்பு போகிறதா என்று பாருங்கள். இரண்டு மணி நேரத்துக்குப் பிறகும் பாருங்கள், அவர்கள் பேட்டரி எவ்வளவு தாங்குகிறது என்பது அப்போது தெரியும். ஆம்புலன்ஸ், போலீஸ் என்று 112 கூப்பிட வேண்டிய அவசரத்துக்கு மொபைலைத்தான் எடுக்க வேண்டும், இதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள்.

கிளவுட் டெலிபோனி எப்போது தேவை? தொழில் போனின் அழைப்புப் பட்டியலை இரண்டு வாரம் கவனியுங்கள். எடுக்காமல் விட்ட அழைப்புகளில், நீங்கள் திரும்பக் கூப்பிட்டும் "வேற இடத்துல வாங்கிட்டோம்" என்று சொல்பவர்கள் தொடர்ந்து வந்தால், ஒரே நேரத்தில் இரண்டு மூன்று பேர் எடுக்கும் ஏற்பாடு வேண்டும் என்று அர்த்தம். கிளவுட் எண்ணுக்கு வரும் அழைப்பை அது உங்கள் மொபைலுக்கு அடிக்கும், நீங்கள் எடுக்காவிட்டால் கணவருக்கு, அப்புறம் நாத்தனாருக்கு. ஒவ்வொன்றும் பதிவாகும், யார் எடுத்தார்கள், யாருடையது விடுபட்டது என்பதற்குக் கணக்கு இருக்கும்.

ஆனால் விலைப் பட்டியலை நிதானமாகப் படியுங்கள். வாடிக்கையாளர் உங்கள் கிளவுட் எண்ணைக் கூப்பிடுவது ஒரு அழைப்பு. அங்கிருந்து உங்கள் மொபைலுக்கு வருவது இன்னொரு அழைப்பு. இந்த இரண்டாவதற்கு நிமிஷக் கணக்கில் உங்களிடம் வாங்குவார்கள். வருகிற அழைப்பு இலவசம் என்று நினைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு முதல் மாதமே சந்தா நிமிஷங்கள் தீர்ந்துபோவது இதனால்தான். முப்பது விநாடிக் கணக்கா, அறுபது விநாடிக் கணக்கா என்று கேளுங்கள். ஒரே சமயத்தில் எத்தனை அழைப்பு வரலாம், உங்கள் மொபைலில் வாடிக்கையாளரின் எண் தெரியுமா அல்லது கம்பெனியின் எண் தெரியுமா, மாதச் சந்தா உண்டா அல்லது வருடத்துக்கு மொத்தமாகக் கட்ட வேண்டுமா, நிறுத்தினால் பழைய அழைப்புப் பட்டியலைத் தரவிறக்கிக்கொள்ள முடியுமா என்பதையும் கேளுங்கள். சொல்லும் விலைக்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. தொழிலுக்கு ஆவணம் கேட்பார்கள். ஜிஎஸ்டி பதிவு இல்லாதவர்களும் சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு வைத்திருக்கலாம், அரசுத் தளத்தில் அதற்குக் காசு கிடையாது.

மொபைல் எண்ணை முன்னால் வைக்கச் சொன்னதன் பயன் இங்கே தெரியும். ஆடித் தள்ளுபடிக்கும் தீபாவளிக்கும் மட்டும் மாதச் சந்தாவில் கிளவுட் எடுத்து, உங்கள் மொபைலிலிருந்து அதற்குத் திருப்பிவிட்டு, கூட்டம் குறைந்ததும் நிறுத்திவிடலாம். அச்சடித்த எண் மாறாது. ஐவிஆர், அதாவது பதிவு செய்த குரலில் பட்டனை அழுத்தச் சொல்லும் ஏற்பாடு மட்டும் வேண்டாம் என்பேன். "தமிழுக்கு ஒன்றை அழுத்தவும், ஆர்டருக்கு இரண்டை அழுத்தவும்" என்று வீட்டுத் தொழிலில் கேட்டால், மனுஷக் குரலை நம்பி வந்தவர் வைத்துவிடுவார். ஒரு வரி வணக்கம், உடனே அழைப்பு, அது போதும்.

மலிவாக அமெரிக்க எண் தருகிறோம், இன்டர்நெட் வழியாக இந்திய எண்களுக்குப் பேசலாம் என்று வரும் ஆப்களைத் தொடாதீர்கள். இந்தியாவில் இன்டர்நெட் வழியாக சாதாரண போன் எண்களுக்கு அழைக்கும் சேவையை உரிமம் பெற்ற கம்பெனிகள்தான் தர முடியும். 2018-ல் அரசு இதைத் தெளிவுபடுத்திய பிறகுதான் ஆப் வழியாக சாதாரண எண்களுக்குப் பேசும் பிஎஸ்என்எல் விங்ஸ் என்ற சேவையே வந்தது. தவிர, பிளஸ் ஒன்றில் தொடங்கும் எண்ணைப் பார்த்தாலே இப்போது யாரும் எடுப்பதில்லை. வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டே இந்திய எண் போலக் காட்டும் அழைப்புகளைத் தடுக்கும் ஏற்பாடும் 2024 அக்டோபரில் தொடங்கிவிட்டது.

அதேபோல, பழைய வாடிக்கையாளர்களைத் தொழில் மொபைலிலிருந்து வரிசையாகக் கூப்பிட்டுப் புது டிசைன் வந்திருக்கிறது என்று சொல்லாதீர்கள். ஆர்டர் பற்றிப் பேசுவதில் தவறே இல்லை. விளம்பர அழைப்புக்கு 140-ல் தொடங்கும் தனி எண் வரிசை இருக்கிறது, சாதாரணப் பத்து இலக்க எண்ணிலிருந்து செய்யக்கூடாது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2025 பிப்ரவரியில் விதியை இறுக்கியது: பத்து நாளில் ஐந்து பேர் புகார் செய்தாலே நடவடிக்கை எடுக்கலாம். உங்கள் விலாசமாக இருக்கும் எண் முடங்கிப்போக அது போதும். புது டிசைன் படங்களை, கேட்டவர்களுக்கு மட்டும் வாட்ஸ்அப் பிராட்காஸ்டில் அனுப்புங்கள். உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்குத்தான் அது போகும், அதுவே நல்ல வடிகட்டல்.

வாட்ஸ்அப் பிசினஸைத் தொழில் சிம் எண்ணிலேயே தொடங்குங்கள். லேண்ட்லைன் எண்ணிலும் அதைப் பதிவு செய்யலாம், குரல் அழைப்பில் கோட் வரும் என்று பலர் சொல்வார்கள்; உண்மைதான். ஆனால் 2025 நவம்பர் கடைசியில், இத்தகைய ஆப்கள் அந்த எண்ணின் சிம் உள்ள போனில்தான் இயங்க வேண்டும் என்று தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டது. வாடிக்கையாளர் பட்டியல் முழுவதும் அதில் இருக்கும்போது, சிம் இல்லாத எண்ணை நம்பி இறங்குவது நல்லதல்ல.

கம்பெனி விஷயம். உங்களிடம் இருக்கும் ஃபைபரில் பேச்சு வசதி உண்டா என்று முதலில் கேளுங்கள். உண்டென்றால் அதையே திறக்கச் சொல்லுங்கள், புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். இல்லை என்றால் லேண்ட்லைனுக்குப் பதிலாகக் கணவரின் மொபைலுக்குத் திருப்பிவிட்டு, தொழில் போனில் வைஃபை காலிங்கை ஆன் செய்தாலே பெரும்பங்கு வேலை முடிந்துவிடும். புது இணைப்பு எடுத்தே ஆக வேண்டும் என்றால் விளம்பரத்தைப் பார்க்காமல், உங்கள் தெருவில் ஒயர் அறுந்தபோது எந்தக் கம்பெனி ஆள் அன்றைக்கே வந்தார் என்று பக்கத்து வீட்டில் விசாரியுங்கள். கரூரில் ஒரு தெருவில் நன்றாக இருக்கும் கம்பெனி அடுத்த தெருவில் மோசமாக இருக்கலாம், எல்லாம் அந்த லைன்மேனைப் பொறுத்தது.

கனடா, சிங்கப்பூர் ஆட்களுக்குத் தனி எண் வேண்டியதில்லை. அவர்கள் எல்லோரும் வாட்ஸ்அப்பில் இருக்கிறார்கள். துணியை வீடியோவில் காட்டிப் பேசவும் அதுதான் வசதி. நேரம் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். அவர்கள் வேலை முடிந்து எட்டு மணிக்குப் பேசினால் உங்களுக்கு மாலை ஐந்தரை. டொரோண்டோவில் காலை ஒன்பது என்றால் இங்கே கோடையில் மாலை ஆறரை, அவர்கள் குளிர்காலத்தில் ஏழரை. அவர்களுடைய மாலை உங்களுக்கு விடியற்காலை, அதை ஒப்புக்கொள்ளாதீர்கள். வாட்ஸ்அப் பிசினஸில் வேலை நேரத்தையும், இல்லாதபோது போகும் பதிலையும் அமைக்கும் இடம் இருக்கிறது. அந்தப் பதிலில் "இந்திய நேரம் காலை 9 முதல் இரவு 8 வரை" என்று எழுதி, கனடாவில் இருப்பவர்கள் அவர்களுடைய காலை நேரத்தில் கூப்பிடலாம் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.